கிஃப்ல அலை ஆமை வேகம், வீடியோல போலீஸ் தொப்பி கசியுது: ஏஸ்ப்ரைட், கோடாட் தெரிஞ்சவங்க சொல்லுங்க

முத்தியால்பேட்டை_பிக்ஸல்:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டி பீச் ரோட்டை வெச்சு சின்னதா ஒரு கேம் பண்ணிட்டு இருக்கேன். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், கல்லுல மோதுற அலை, ரோந்து போற சிவப்புத் தொப்பி போலீஸ். எல்லாமே ஏஸ்ப்ரைட்ங்கிற பிக்ஸல் ஓவிய சாஃப்ட்வேர்ல வரைஞ்சது. போலீஸ்காரர் 16க்கு 24 பிக்ஸல். கேம் கோடாட் 4ங்கிற கேம் எஞ்சின்ல, அளவு 320க்கு 180 பிக்ஸல். லேப்டாப் திரை 1366க்கு 768.

அலை நுரைக்கு ஃப்ரேம் (ஒரு தனிப்படம்) ஒண்ணுக்கு 10 மில்லிசெகண்ட் குடுத்திருக்கேன். ஏஸ்ப்ரைட் உள்ள பிளே பண்ணா படபடன்னு ஓடுது, கிஃப்பா எடுத்து பிரவுசர்ல திறந்தா நகரவே மாட்டேங்குது. கலங்கரை விளக்கம் இப்ப எரியறதில்ல, என் கேம்ல எரியுது. அந்த வெளிச்சத்தோட ஓரம் சாஃப்டா கரையணும், கிஃப்ல அந்தக் கரையற பகுதியே காணோம். கேமை முழுத்திரை போட்டா போலீஸ்காரருக்கு ஒரு கண் பெருசு, ஒரு கண் சிறுசு. நடக்க விட்டா பெரிய கண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறுது! மொத்தமா மங்கலாவும் இருக்கு. கேமை 320க்கு 180லயே வீடியோவா ரெக்கார்ட் பண்ணி ஃபோன்ல அனுப்பினா தொப்பியோட சிவப்பு பின்னால இருக்கிற கடல் நீலத்துல கசியுது.

டிரைவர் அப்டேட் பண்ணிட்டேன், ஒண்ணும் மாறல. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததுதான் காரணமா?

ரெண்டர்_ராஜா:

ஆமா ப்ரோ. கார்டு உள்ள லேப்டாப்பா பாத்து வாங்கு.

ஓடி_கட்டுமரம்:

தம்பி, மேல சொன்னதைக் கேட்டு காசை விட்டுடாதீங்க. 320க்கு 180 படத்தை ஓட்ட எந்தக் கார்டும் வேணாம். நீங்க சொன்னது ஒரே வியாதி இல்ல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல கெடுது, டிரைவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்ல அலை. கிஃப் மில்லிசெகண்ட்ல எண்ணாது, செகண்ட்ல நூத்துல ஒரு பங்குதான் அதோட அலகு. உங்க 10 மில்லிசெகண்ட் அதுக்குள்ள வெறும் 1. அந்த எண்ணு 0 அல்லது 1னு இருந்தா பிரவுசருங்க அதை மதிக்காது. 10னு எடுத்துக்கிட்டு ஃப்ரேமை 100 மில்லிசெகண்ட் நிறுத்தி வைக்கும். அப்ப பத்து மடங்கு ஸ்லோ. 20 மில்லிசெகண்ட் குடுத்தா சொன்னபடி கேக்கும்.

ஆனா நுரைக்கு 20ம் வேணாம்னுதான் சொல்லுவேன். ஒரு சாயங்காலம் எங்க கடலூர் பக்கம் வந்து தேவனாம்பட்டினத்துல நின்னு பாருங்க. அலை சட்டுன்னு ஏறும், மேல வந்து கொஞ்சம் தயங்கும், அப்புறம் சாவகாசமா இறங்கும். இறங்கும்போதுதான் நுரை ஓட்டை ஓட்டையா உடையும். எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே நேரம்னா தண்ணி தண்ணியா தெரியாது. ஏற 50, உச்சியில 200, இறங்க 100னு வெச்சுப் பாருங்க. கம்மி ஃப்ரேம்லயே உயிர் வந்துடும். இந்த எண்ணுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 60 ஹெர்ட்ஸ் திரை 16.67 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை புதுசாகும். 50னா சரியா மூணு தடவை, 100னா ஆறு. 40னு வெச்சா 2.4, ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவை நிக்கும், இன்னொண்ணு மூணு தடவை நிக்கும், நடை திக்கும்.

வெளிச்சம்: கிஃப்ல பிக்ஸல் ஒண்ணு இருக்கும், இல்லன்னா இருக்காது, பாதி தெரியறதுன்னு கிடையாது. மத்தவங்களுக்குக் காட்டணும்னா பின்னால ராத்திரி வானத்தையும் சேர்த்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க. கேமுக்குள்ள பிஎன்ஜி ஷீட்தானே (எல்லா ஃப்ரேமும் ஒரே படத்துல) போகுது, அதுல ஆல்ஃபா, அதாவது பிக்ஸல் எவ்வளவு தெரியணுங்கற அளவு, அப்படியே இருக்கும்.

கண்ணுக்கு வரேன். 1366ஐ 320ஆல வகுங்க, 4.27 வருது. திரையில முக்கால் பிக்ஸல், கால் பிக்ஸல்லாம் ஏது? அதனால சில பிக்ஸல் 4 அகலம், சிலது 5. கண் ஒரு பிக்ஸல்தான்னா அது எங்க விழுதுங்கறதைப் பொறுத்து பெருசாகும், சிறுசாகும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல விண்டோ, ஸ்ட்ரெட்ச் உள்ள மோடை வியூபோர்ட், ஸ்கேல் மோடை இன்டீஜர் ஆக்குங்க. படம் 1280க்கு 720ல நிக்கும், சுத்தி கறுப்பு பார்டர் வரும். அசிங்கமா இருக்கும்பாங்க, எனக்கு மாறுகண் போலீஸை விட அது தேவலாம். மங்கலுக்கு: ரெண்டரிங், டெக்ஸ்ச்சர்ஸ்ல டிஃபால்ட் ஃபில்டர் லீனியர்னு (பக்கத்து நிறங்களைக் கலக்கறது) இருக்கும், நியரஸ்ட் (கலக்காம அப்படியே பெருசாக்கறது) ஆக்கிடுங்க.

தொப்பி விவகாரம் எனக்குப் பிடிபடல. வீடியோ ஆளுங்க வரட்டும்.

முத்தியால்பேட்டை_பிக்ஸல்:

ரொம்ப தேங்க்ஸ்ணே. கண் சரியாயிடுச்சு, மங்கலும் போச்சு. அலைக்கு 50, 200, 100 செமயா இருக்கு. தொப்பிதான் பாக்கி. என்ன சிவப்பு போட்டாலும் கசியுது.

கல்யாண_எடிட்டர்:

வில்லியனூர்ல கல்யாண வீடியோ எடிட் பண்றவன் நான். தொப்பிக்கும் கல்யாணப் புடவைக்கும் ஒரே தொல்லைதான்: சிவப்பு.

எச்.264ங்கிற சுருக்கும் முறையில வர்ற சாதாரண வீடியோ வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியா வெச்சுக்கும். வெளிச்சம் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் உண்டு. நிறம் மட்டும் ரெண்டுக்கு ரெண்டு, நாலு பிக்ஸலுக்குச் சேர்த்து ஒண்ணு. தொப்பி விளிம்பு ஒரு பிக்ஸல், பக்கத்துல கடல். அந்த நாலுல சிவப்பும் நீலமும் கலந்தா கசியாம என்ன செய்யும்? கறுப்பு வெள்ளை விளிம்புல இது தெரியாது, ஏன்னா அங்க வெளிச்சம்தான் வித்தியாசம்.

அதனால 320க்கு 180லயே ரெக்கார்ட் பண்ணாதீங்க. முதல்ல பெருசாக்கி அப்புறம் வீடியோ ஆக்குங்க, நியரஸ்ட் முறையில. இரட்டைப்படை மடங்கா இருக்கணும், 4 அல்லது 6. 6னா நேரா 1920க்கு 1080. ஒவ்வொரு பிக்ஸலும் ஆறுக்கு ஆறு கட்டமாயிடும், நிறக் கட்டம் அதுக்குள்ள மிச்சமில்லாம அடங்கும். 5 மடங்குன்னா விளிம்பு பாதியில விழுந்து திரும்பக் கசியும். அனுப்பும்போது வீடியோவா அனுப்பாம டாகுமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா ஆப்பு அதைத் திரும்ப சுருக்கிடும்.

முத்தியால்பேட்டை_பிக்ஸல்:

6 மடங்குல எடுத்தேன், தொப்பி பளிச்சுன்னு நிக்குது! வீடியோ இணைச்சிருக்கேன்.

ஓடி_கட்டுமரம்:

பார்த்தேன். தொப்பி அருமை. ஆனா நாலாவது ஃப்ரேம்ல உங்க போலீஸ்காரருக்கு ரெண்டுமே இடது கால்.