திருகோணமலையில இருந்து லண்டன் வெளிக்கிடுற பிள்ளையளுக்கு: முதல்ல சிம் அலுவலைப் பாருங்கோ

லீவில ஊருக்கு வந்த மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மத்திய வீதிக்குப் போனனான். அவ பாவிக்கிற சிம்மை அவவின்ர பேருக்கு மாத்தத்தான். வெளிநாடு போகமுதல் என்ர அடையாள அட்டையைக் குடுத்து நான் எடுத்துக் குடுத்த சிம் அது. போன மாரியில அம்மாவின்ர போன் கிணத்துக்குள்ள விழுந்திட்டுது. அதே நம்பருக்குப் புது சிம் கேட்டுப் போனா, "பேர் உள்ள ஆள் வரவேணும்" எண்டு கவுண்டரில சொல்லிப்போட்டினம். பேர் உள்ள நான் இங்கிலாந்தில, லெஸ்டரில நிக்கிறன். மூண்டு கிழமையா அம்மா பக்கத்து வீட்டு அன்ரியின்ர போனிலதான் என்னோட கதைச்சவ. அதுவும் ரெண்டு நிமிசம், கூச்சத்தோட.

அதால, கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்கமுதல் வீட்டில இருக்கிற ஒவ்வொரு சிம்மும் ஆற்ற பேரில இருக்கெண்டு பாருங்கோ. அம்மா பாவிக்கிறது அம்மாவின்ர பேரில, நீங்கள் கொண்டுபோறது உங்கட பேரில இருக்கவேணும். றவுட்டர் கணக்கும் அப்பிடித்தான்.

உங்கட இலங்கை நம்பரை விட்டிடாதேங்கோ. "அங்க போய்ப் புது நம்பர் எடுக்கிறன்தானே" எண்டு தம்பிக்குக் குடுத்திட்டுப் போற பிள்ளையள் கனபேர். பிறகு வங்கி அனுப்புற ஓடிபி தம்பிக்குத்தான் போகும். ரீலோட் போடாமல் விட்டா கொம்பனி நம்பரை வெட்டி, கொஞ்சக் காலத்தால வேற ஆளுக்கு வித்துப்போடும். வெளிக்கிடமுதலே ரோமிங்கைப் போட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் நிப்பாட்டி வையுங்கோ. ரோமிங்கில எஸ்.எம்.எஸ் வாறதுக்குப் பொதுவாக் காசில்லை, ஆனாலும் உங்கட பக்கேஜுக்கு எப்பிடியெண்டு கேட்டு வையுங்கோ. ரெண்டு சிம் போடுற போன் எண்டா நல்லது. ரீலோட் போடுற நாளைக் கலண்டரில குறிச்சு வையுங்கோ.

வட்ஸ்அப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும். உப்புவெளியில இருக்கிற என்ர அக்காவுக்கு, அவவுக்குப் படிப்பிச்ச ரீச்சரின்ர நம்பரில இருந்து ஒரு மெசேஜ் வந்தது: "பிள்ளை, தவறுதலா உனக்கு ஒரு ஆறு இலக்கக் கோட் வந்திருக்கும், அனுப்பிவிடு." ரீச்சர் எண்டபடியா அக்கா யோசிக்கேல்லை, அனுப்பிப்போட்டா. அந்தக் கோட் அக்காவின்ர சொந்த வட்ஸ்அப்பைத் திறக்கிற கோட். ரீச்சரின்ர கணக்கு அதுக்கு முதலே களவு போயிருக்கு. அண்டு பின்னேரமே அக்காவின்ர பேரில சொந்தக்காரர் எல்லாருக்கும் "அவசரம், காசு அனுப்புங்கோ" எண்டு போச்சு. சுவிஸில இருக்கிற சித்தப்பா கேள்வி கேக்காமல் அனுப்பிப்போட்டார். காசு திரும்பி வரேல்லை.

அந்தக் கோட்டை ஆருக்கும் குடுக்கக்கூடாது. வட்ஸ்அப் செட்டிங்ஸில "இரண்டு படிச் சரிபார்ப்பு" எண்டு இருக்கு. அதைப் போட்டு ஒரு பின் நம்பர் வையுங்கோ. உங்கட போனில மட்டுமில்லை, அம்மா அப்பாவின்ர போனிலும் பக்கத்தில இருந்து நீங்களே செய்து குடுங்கோ. காசு கேட்டு ஆர் எழுதினாலும் குரலில கதைக்காமல் அனுப்புறேல்லை எண்டு வீட்டில பேசி வையுங்கோ.

இனி அந்தப் பக்கம். போன உடனே 24 மாத ஒப்பந்தத்தில புதுப் போன் எடுக்காதேங்கோ. அங்க கடன் வரலாறு இல்லாத ஆக்களுக்கு அனேகமா மறுப்பினம், குடுத்தாலும் கட்டி முடியாது. 30 நாள் சிம் மட்டும் எடுங்கோ. பிடிக்காட்டி 65075 க்கு 'பி.ஏ.சி' (PAC) எண்ட மூண்டு ஆங்கில எழுத்தை எஸ்.எம்.எஸ் அனுப்பினா ஒரு கோட் வரும், அது 30 நாளைக்குச் செல்லும். அதைப் புதுக் கொம்பனிக்குக் குடுத்தா அதே நம்பரோட மாறலாம். இங்கயிருந்து கொண்டுபோற பழைய போன் 4ஜி அழைப்புக்கு ஒத்துவருமோ எண்டும் பாருங்கோ, ஏனெண்டா அங்க 3ஜியை நிப்பாட்டிட்டினம்.

புரோட்பாண்டிலதான் எனக்கு அடி விழுந்தது. நாலு பேர் இருந்த வீட்டில என்ர பேரில 24 மாதத்துக்குக் கையெழுத்து வச்சன். அஞ்சு மாதத்தில வேலை மாறி, வீடும் மாறினது. மிச்ச மாதத்துக்கெண்டு ஒரு தொகை கேட்டவங்கள், கட்டித்தான் வெளிய வந்தனான். வீடு நிரந்தரமாகும் வரைக்கும் மாத ஒப்பந்தம் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ஒன்லைனிலயோ போனிலயோ எடுத்தா 14 நாளுக்குள்ள வேண்டாமெண்டு சொல்லலாம். 2025 ஜனவரி 17 க்குப் பிறகு எழுதுற ஒப்பந்தத்தில, இடையில விலை கூட்டுறதெண்டா எத்தினை பவுண், எத்தினை பென்ஸ் எண்டு முதலே போடவேணும். அந்த வரியைத் தேடி வாசியுங்கோ.

ரிவி லைசன்ஸை எங்கட ஆக்கள் பலர் அறியாமல் இருக்கினம். எந்த நாட்டுச் சனலையும் நேரடி ஒளிபரப்பாப் பாத்தா, போனில பாத்தாலும், லைசன்ஸ் வேணும். பிபிசி ஐபிளேயருக்கும் வேணும். நெட்ஃபிளிக்ஸில படம் மட்டும் பாக்கிறதுக்குத் தேவையில்லை. 2025 ஏப்ரலில வருசத்துக்கு 174.50 பவுண் ஆக்கினவை, எடுக்காமல் பாத்துப் பிடிபட்டா 1,000 பவுண் வரைக்கும் தண்டம். தமிழ்ச் சனல் எல்லாம் வரும் எண்டு மலிவா விக்கிற பெட்டியளை வாங்காதேங்கோ. ஒருநாள் நிண்டுபோனாக் கேக்க ஆளில்லை. சூரியன், சக்தி எஃப்எம் ரெண்டையும் இணையத்திலயே கேக்கலாம்.

"உங்கட விசா ரத்தாகப்போகுது, இப்பவே காசு கட்டு" எண்டு கோல் வந்தா கதைக்காமல் போனை வையுங்கோ. குடிவரவுக்காரர் அப்பிடிப் போனில காசு கேக்கிறேல்லை. கள்ள எஸ்.எம்.எஸ்ஸை 7726 க்கு அனுப்பலாம், காசில்லை. வங்கியெண்டு சொல்லிச் சந்தேகமா ஆரும் எடுத்தா வெட்டிப்போட்டு, உங்கட உண்மையான வங்கிக்கு இணைக்கிற 159 க்கு எடுங்கோ.

இன்னொண்டு. இங்க இரவு 8 மணி எண்டா உங்களுக்குக் கோடையில பின்னேரம் 3.30, மாரியில 2.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூடு மாறும். முதல் நாளே வீட்டை சொல்லி வையுங்கோ, இல்லாட்டி அம்மா ஒரு மணித்தியாலம் போனைக் கையில வச்சுக்கொண்டு இருப்பா.