மோட்டார்ஹோமுக்கு குளிர்கால டயரா, எல்லாப் பருவ டயரா?

நண்பர்களே, ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். எங்கள் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) மூன்றரை டன், முன்சக்கர இழுவை, டயர் அளவு 225/75 ஆர்16 சிபி (சிபி என்றால் மோட்டார்ஹோமுக்கென்றே செய்த டயர் வகை). தேய்மானம் பார்த்தால் இன்னும் பாதிக்கு மேல் பட்டை இருக்கிறது, ஆனால் பக்கச்சுவரில் உள்ள டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1417, அதாவது 2017-இன் 14வது வாரம் தயாரானது, அப்புறம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழை போல வெடிப்புகள் வேறு. வருடத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும் வண்டிக்கு இதுதான் தலைவிதி போல.

மாற்றுவது உறுதி. எதை மாற்றுவது?

பனியில் ஓட்டுவது வருடத்துக்கு ஒரு வாரம்தான். மற்றபடி ஈரப் புல்லில் சக்கரம் சுழன்று மாட்டிக்கொள்வதுதான் என் நிஜத் தொல்லை. 7 டிகிரிக்குக் கீழே குளிர்கால ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சரி, கோடை வெயிலில் இவ்வளவு பாரத்தோடு ஓடினால் சீக்கிரம் தேயாதா? எல்லாப் பருவ டயர் என்றால் வெறும் எம்+எஸ் (சேறு, பனி என்ற குறி) போதாது, மலைக்குள் பனிச்சில்லு குறி இருக்க வேண்டும் என்பது தெரியும்.

என் குழப்பம் சிபி பற்றியது. எல்லாப் பருவ டயரில் எனக்குக் கிடைப்பதெல்லாம் சாதாரண வேன் டயர், சி வகை. சுமைக் குறியீடு 121, அதாவது ஒரு டயருக்கு 1450 கிலோ, பின் அச்சுக்குத் தாராளம். சிபியிலிருந்து சிக்கு மாறியவர்கள் காற்றழுத்தம் எவ்வளவு வைக்கிறீர்கள்? வளைவில் வண்டி ஆடுகிறதா?