லெகோ ஹாரி பாட்டர்: தோற்கவே முடியாத விளையாட்டு பிள்ளைக்கு நல்லதா?

பனிமூட்டம் (தலவாக்கலை):
மகனுக்கு ஒன்பது வயது. பாவித்த பிளேஸ்டேஷன் 4 வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கினேன். கூடவே ஹாரி பாட்டர் கதையை லெகோ பொம்மைகளை வைத்து ஆடுகிற லெகோ ஹாரி பாட்டர் தொகுப்பும் வந்தது. 2010இலும் 2011இலும் வந்த இரண்டு பாகங்களும் அதில் இருக்கின்றன. ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, சரிதான். ஆனால் இதில் தோல்வி என்பதே கிடையாது. உயிருக்குக் கணக்கான நான்கு இதயமும் போனால் பொம்மை துண்டு துண்டாகச் சிதறுகிறது, கொஞ்சம் காசு கொட்டுகிறது, அடுத்த நொடி அதே இடத்தில் எழுந்து நிற்கிறது. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அங்கே இப்படி எழுந்து நிற்க முடியுமா?

கொழுந்துக்கூடை (பண்டாரவளை):
அண்ணே, பரீட்சையை இதற்குள் இழுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதை விளையாடுவது மகளும் என் அம்மாவும். முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. தேவையும் படவில்லை. இந்த இரண்டு பாகங்களிலும் யாரும் பேசுவதில்லையே! முணுமுணுப்பு, கண்ணுருட்டல், தோள்குலுக்கல், அவ்வளவுதான். டம்பிள்டோர் யார் என்று அம்மாவுக்குத் தெரியாது, "தாடிக்கார வாத்தியார்" என்கிறார்.

இருவரும் பக்கத்தில் நின்றால் திரை ஒன்று. ஒருவர் விலகி ஓடினால் குறுக்கே கோடு விழுந்து திரை இரண்டாகிறது. முதல் நாள் அம்மா ஒரு படிக்கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு சுவரையே முட்டிக்கொண்டிருந்தார். "அம்மாயி, அங்கேயே நில்லு" என்று மகள் திரும்பி வந்தாள். கோடு மெல்ல மறைந்து திரை ஒன்றாகியது. அம்மா கைதட்டினார்.

எழுந்து நிற்பது தப்பென்றால் மாசியில் காமன் கூத்தை ஏன் ஆடுகிறோம்? எரித்த காமனை நாமும்தானே எழுப்புகிறோம்?

பனிமூட்டம்:
நல்ல உதாரணம் தங்கச்சி, ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அவன் மனைவி ரதி அழுது ஓய்ந்த பிறகுதான் காமன் எழுகிறான். சின்ன வயதில் அந்த ஒப்பாரியைக் கேட்டு நானே அழுதிருக்கிறேன். இந்த விளையாட்டில் அழ நேரம் எங்கே?

மிஸ்ட் கோல் (ஹட்டன்):
பாதி ஆட்டத்தில் கரண்ட் போகட்டும், பையன் ரதியை விட நன்றாக அழுவான். எங்கள் வீட்டில் பார்த்தாயிற்று.

கணக்கு டீச்சர் (பதுளை):
தோல்வி இல்லை என்பது பாதி உண்மை. சாவு இல்லை, ஆனால் முடியாமை நிறைய இருக்கிறது. கறுப்பும் சிவப்புமாக மின்னும் பொருளை ஹாரியால் அசைக்க முடியாது. அதற்குத் தீய மந்திரம் தெரிந்த பாத்திரம் வேண்டும். முதல் சுற்றில் பல கதவுகளை விட்டுவிட்டுப் போய், பிறகு வேறு ஆளோடு திரும்பி வர வேண்டும். முதல் பாகத்தில் மட்டும் தேடிச் சேர்க்க 200 தங்கக் கட்டிகள். தெரியாத கணக்கைத் தாண்டிப் போ, கடைசியில் திரும்பி வா என்று வகுப்பில் நான் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. கண்ணில் படுகிற நாற்காலி, பூச்சாடி எல்லாவற்றையும் உடைத்தால் காசு. அதற்காகவே பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அறை அறையாக உடைத்துக்கொண்டு போகிறார்கள்.

பனிமூட்டம்:
அதைச் சொல்லுங்கள் டீச்சர்! என் பையன் ஊதாக் காசு ஒன்றுக்கு, அதன் மதிப்பு 10,000, அரை மணித்தியாலம் குதித்தான். வாங்குவதென்றால் 2014இல் வந்த லெகோ த ஹாபிட்டை வாங்கியிருக்கலாம். அதில் படத்து வசனமே வருகிறது. இங்கிலீஷாவது காதில் விழும்.

கொழுந்துக்கூடை:
விழும். அம்மா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்.

கணக்கு டீச்சர்:
தம்பி, ஒன்று கேட்கிறேன். இரண்டாவது கன்ட்ரோலர் உங்கள் வீட்டில் யார் கையில் இருக்கிறது?

பனிமூட்டம்:
பெட்டியிலேயே இருக்கிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் தோல்வி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

பனிமூட்டம் (ஞாயிறு இரவு):
பத்து தடவைக்கு மேல் சிதறினேன். "அப்பா, நீங்கள் ஏன் எப்போதும் மற்றப் பக்கம் ஓடுகிறீர்கள்" என்று திட்டு வேறு. என் காசெல்லாம் அவன்தான் பொறுக்கினான்.