8க்கு 5 பாத்ரூம்: பரணா, அலமாரியா?

புதுமனை:
வீட்டு வேலை லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம்) மட்டத்துக்கு வந்துவிட்டது. பாத்ரூம் உள்ளளவு 8க்கு 5 அடி. ஐந்து பேருக்கும் இது ஒன்றுதான். கதவு 5 அடிச் சுவரில், நடைப் பக்கம். ரூஃப் உயரம் 10 அடி. 7 அடியில் முழுசாகப் பரண் போட்டு நடைப் பக்கம் திறந்துவிடலாம், உள்ளே அலமாரியே வேண்டாம் என்கிறார் மேஸ்திரி. போடலாமா?

ரசமட்டம்:
தாராளமாகப் போடுங்கள். லிண்டலோடு சேர்த்து வார்த்தால்தான் கம்பி உள்ளே போய்ப் பிடிக்கும். பிறகு சுவரைக் கொத்திச் சொருகினால் பிடிப்பு இருக்காது.

8 அடிச் சுவரோரம் கதவிலிருந்து வரிசையாக வாஷ்பேசினுக்கு 2 அடி, கிளாசெட்டுக்கு 2½, குளிக்க 3½. ஈரம் கடைசியில் நிற்கும். கதவு அதற்கு எதிர்ச்சுவர் மூலையில், கீலும் அந்தச் சுவர் ஓரமாகவே. கீலை மாற்றி வைத்தால் கதவு பேசின் மேல் போய் மோதும்.

சோப்பு, ஷாம்பூவுக்கு வெளிப்பக்க 9 இஞ்சு சுவரில் மாடம் விடச் சொல்லுங்கள். 4½ இஞ்சு உள்சுவரில் கேட்காதீர்கள், பின்னால் செங்கலே மிஞ்சாது. 4 இஞ்சு ஆழம் விடுங்கள். ஷாம்பூ பாட்டிலுக்கு அது போதும். அடியில் கிரானைட் துண்டு, முன்பக்கம் 3 மி.மீ. சரிவு. அந்தச் சரிவு இல்லாவிட்டால் சோப்பு கரைந்து அங்கேயே குளம் கட்டும்.

சாந்துச்சட்டி:
மாடம் சரி, பரண்தான் தப்பு. 7 அடியில் மூடினால் வெந்நீர் ஆவி எங்கே போகும்? ஸ்லாப் அடியில் வியர்த்து, ஆறு மாதத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரியும். கெய்சர் எங்கே மாட்டுவீர்கள்? 15 லிட்டர் நின்ற வாக்குக் கெய்சருக்கு உயரமே ஒன்றரை அடி, அடியில் குழாய் வேறு. ஐந்தடியில் தொங்கினால் நிமிரும்போது தலையில் இடிக்கும். பரணுக்குள் தள்ளினால் வால்வு கசிவது ஸ்லாப் ஊறிய பிறகுதான் தெரியும்.

அதோடு பரணில் ஏறுவது தீபாவளிப் பாத்திரம். தினம் வேண்டிய துண்டு, பேஸ்ட், டாய்லெட் கிளீனருக்கு அங்கே என்ன வேலை? பேசினுக்குக் கீழே ஒரு மூடிய அலமாரி, மேலே கண்ணாடி வைத்த 5 இஞ்சு அலமாரி. இவ்வளவுதான் தேவை.

ரசமட்டம்:
அந்த அலமாரி எத்தனை வருஷம் தாங்கும்? எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் இரண்டு மழைக்காலத்தில் ரொட்டி மாதிரி உப்பும். பிவிசி ஃபோம் போர்டு உப்பாது, ஆனால் ஸ்க்ரூவைப் பிடிக்காது. கீல் ஆடி ஆடி ஓட்டை பெரிதாகும், கடைசியில் கதவு கையோடு வரும்.

சாந்துச்சட்டி:
ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கி, அறுத்த ஓரம் ஒவ்வொன்றையும் சீல் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறுவது முகத்தில் அல்ல, ஓரத்தில். கால் வைக்காமல் தரையிலிருந்து 10 இஞ்சு மேலே சுவரில் மாட்டினால் அடியில் பக்கெட்டும் கழுவலாம், துடைக்கவும் வரும். கீல் 304 தர ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்.

தூக்குக்குண்டு:
304 போட்டாலும் அதே அலமாரியில் ஆசிட் பாட்டில் வைத்தால் போச்சு. மூடி இறுகியிருந்தாலும் ஆவி கசியும், கீலில் பழுப்புப் புள்ளி விழும். பிளீச்சிங் பவுடரை ஆசிட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் சிந்திக் கலந்தால் குளோரின் வாயு. ஆசிட்டைப் பிளாஸ்டிக் தட்டில், குழந்தைக்கு எட்டாத தனி மாடத்தில் வையுங்கள். வெளியே பூட்டி வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு பேரும் விட்ட இடம் கிளாசெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கன்சீல்டு சிஸ்டர்ன் (உள்ளே மறைத்து வைக்கும் ஃப்ளஷ் தொட்டி) போட்டால் 8 இஞ்சு கனத்தில், 4 அடி உயரத்தில் ஒரு திண்டு வரும். அதன் மேலே 7 அடி வரை, 2½ அடி அகல அலமாரி. ஐந்து பேர் துண்டும் அதில் அடங்கும். ஃப்ளஷ் பிளேட் முன்பக்கம் இருக்கட்டும். திண்டின் மேலே வைத்தால் அலமாரி அதை மூடிவிடும், போர் தண்ணீர் உப்பில் வால்வு அடைக்கும்போது கையே நுழையாது.

ஒரு எச்சரிக்கை: சங்கன் ஸ்லாப் (பாத்ரூமுக்காகத் தாழ்த்தி வார்த்து, மேலே நிரப்பும் தளம்) என்றால், சிஸ்டர்னையும் கிளாசெட்டையும் தாங்கும் ஃப்ரேமின் கால் செங்கல் ஜல்லி நிரப்பல் மேல் நிற்கக் கூடாது. நிரப்பல் இறங்கும், கிளாசெட் சாயும். அந்த இடத்தில் மட்டும் அடி ஸ்லாபிலிருந்து கான்கிரீட் மேடை எழுப்புங்கள்.

ரசமட்டம்:
திண்டு யோசனை பிடித்திருக்கிறது. சாதா சிஸ்டர்ன்தான் என்றால் மேலே வரும் அலமாரித் தட்டுக்கும் தொட்டி மூடிக்கும் நடுவே 8 இஞ்சாவது விடணும், மூடியைத் தூக்க வேண்டுமே. பரணை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ஆவி வருவது குளிக்கிற இடத்தில். அந்த 3½ அடியை 10 அடிக்குத் திறந்து விட்டு, கதவுப் பக்கம் 4½ அடிக்கு மட்டும் பரண். அதுவும் 7 அல்ல, 7½ அடியில்.

சாந்துச்சட்டி:
அப்படியென்றால் சண்டை பாதியாகிவிட்டது. கெய்சர் திறந்த பக்கம் உயரத்தில் போகும், வென்டிலேட்டரில் 8 இஞ்சு எக்ஸாஸ்ட். ஆனால் பரணின் ஈரப்பக்க ஓரத்தைச் செங்கல் வைத்து ரூஃப் வரை அடைத்து, வெளிமுகத்தில் டைல் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மேலே வைத்த மெத்தையெல்லாம் பூஞ்சை. அந்தச் சுவர் எடைக்கு ஸ்லாப் 3 இஞ்சு போதாது. 4 போட்டு, ஓரத்தில் இரண்டு கம்பி கூடுதல். இன்ஜினியரிடம் காட்டிவிட்டு வார்க்கவும்.

புதுமனை:
உள்ளே 2 அடி 2 இஞ்சு உயரம் வருகிறது, போதும். மாடம் எந்த உயரத்தில்? நாங்கள் பக்கெட் குளியல்தான்.

தூக்குக்குண்டு:
அப்படியானால் இரண்டு. ஸ்டூலில் உட்கார்ந்தால் கைக்கு எட்ட 2 அடியில் ஒன்று, நின்று குளிப்பவருக்கு 3½ அடியில் ஒன்று. டைவர்ட்டர் (குழாய்க்கும் ஷவருக்கும் தண்ணீரை மாற்றிவிடும் வால்வு), சிபிவிசி வெந்நீர்ப் பைப் லைன் ஓடும் நேரில் வேண்டாம், ஒரு அடி தள்ளி. இன்றே சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். பிளம்பர் காடி வெட்ட வந்த பிறகு சொன்னால், மாடத்துக்கு நட்டநடுவில்தான் பைப் வரும்.