கொழும்பில நான் நிண்டு பாத்த கார்கள்

கொழும்பில கண்ட நல்ல கார் எது எண்டு கேட்டா கனபேர் போர்ட் சிட்டி பக்கம் கண்ட லம்போர்கினி, போர்ஷே எண்டு படமெல்லாம் போடுவினம், வடிவாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா கொழும்பு றோட்டில நிண்டு பாக்க வேண்டிய கார் அதில்ல. ஒரு பழைய காரை வருசக்கணக்கா ஓட்டத்தில வச்சிருக்கிற ஆக்கள்தான் எனக்கு உண்மையான கார் பைத்தியங்கள், அப்பிடி ஒருத்தரைச் சந்திச்ச கதையைத்தான் எழுதுறன்.

2022 ஜூன், பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம். யாரும் மறந்திருக்க மாட்டீங்கள். வெள்ளவத்தையில பெற்றோல் செட்டில இருந்து கிளம்பிற கியூ கோல் றோட் ஓரமா போய் ஒழுங்கைக்குள்ள வளைஞ்சு எங்கயோ முடியும், ஆக்கள் காருக்குள்ளயே படுத்து எழும்பின காலம். எங்கட டொயோட்டா கொரோலா 121 க்கு முன்னுக்கு ஒரு பழைய மொரிஸ் மைனர் கார். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர், பெயின்ட் மங்கிப் போய்த்தான் இருந்தது, ஆனா கதவுக்குக் கீழ, மட்கார்ட் ஓரம், டிக்கி எண்டு தேடிப் பாத்தும் ஒரு பொட்டுக் கறள் இல்ல. கியூ நகரேக்க அதை வச்சிருந்த ஐயா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே மாட்டார், ஹேண்ட்பிரேக்கை விட்டிட்டு கதவைத் திறந்து ஒரு கை ஸ்டீரிங்கில, தோளைக் கதவுத் தூணில குடுத்துத் தள்ளுவார், நாங்க பின்னால போய்க் கை குடுப்பம். அப்பிடித்தான் கதை தொடங்கினது.

"ஐயா, எத்தினையாம் ஆண்டு?" எண்டு கேட்டன். "1960 தம்பி, 948 சிசி" எண்டு சொல்லிட்டு உடன பொனட்டைத் திறந்திட்டார், கார் விசரரிட்ட ஒரு கேள்வி கேட்டாக் காணும்தானே. சாவியைத் திருப்பச் சொன்னார். பொனட்டுக்குள்ள எஸ்யூ எண்ட கொம்பனியின்ர பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் எண்டு வேகமா அடிச்சு, கார்பரேட்டர் நிறைய நிறைய மெதுவாகி, பிறகு நிண்டிட்டுது. இது நிக்காம அடிச்சுக் கொண்டே இருந்தா எங்கயோ காத்து இழுக்குது, இல்லாட்டி டாங்கில பெற்றோல் இல்ல எண்டு விளங்கிக்கொள்ள வேணுமாம். அதோட சிக்னலையும் போட்டுக் காட்டினார், லைட் இல்ல, கதவுத் தூணுக்குள்ள இருந்து செம்மஞ்சள் நிறத்தில ஒரு சின்னக் கை வெளிய எழும்பி நிக்கும். 61 க்குப் பிறகு வந்த மைனரில அது இல்ல, லைட்தான்.

ஆனா என்னை அசைச்சது அடுத்த கதை. 90 களில யாழ்ப்பாணத்துக்குள்ள பெற்றோல் வரத் தடை இருந்த நேரம் இந்தக் கார் மண்ணெண்ணெயில ஓடினது. அப்ப அங்க மொரிஸ், ஒஸ்டின் ஏ40 எல்லாம் அப்பிடித்தான். மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினுக்குள்ள ஆவியாகாது, அதால ஒரு சின்னப் போத்தலில பவுண் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கிற பெற்றோலை கார்பரேட்டர் வாயில கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாக மண்ணெண்ணெயில இழுக்க விடுறது. பழைய எஞ்சினுக்கு கொம்ப்ரஷன் குறைவு, அதாலதான் அது தாங்கினது, இண்டைக்கு வாற இன்ஜெக்ஷன் காருக்கு இதை நினைச்சும் பாக்கேலாது. புகை எண்டா றோட்டே தெரியாதாம், பிளக் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயில் தண்ணியாப் போகும், மாத்துறதுக்கு ஒயிலும் இல்ல. அப்பிடி இருந்தும் ஆஸ்பத்திரிக்கு ஆக்களைக் கொண்டு போனது இந்தக் கார்தான் எண்டு பொனட்டைத் தடவிக் கொண்டு சொன்னார். 2002 இல யாழ்ப்பாணம் போற ஏ9 பாதை திறந்தபிறகு ஓடியே கொழும்புக்குக் கொண்டு வந்தவராம். பின்னால நிண்ட ஓட்டோக்காரப் பெடியன் "அப்ப இப்பவும் மண்ணெண்ணெயில ஓடலாமே ஐயா" எண்டு கேக்க, "அதுக்கும் கியூதானே மகன்" எண்டார். பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் கோட் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு ஆனதோட கியூவும் குறைஞ்சுது, நான் அவரைத் திரும்பக் காணேல்ல.

மைனர் வாங்கிற யோசனை இருந்தா அவர் சொன்ன ஒண்டைக் கட்டாயம் மனசில வையுங்கோ. முன் சஸ்பென்ஷனில ட்ரனியன் எண்டு சில்லுத் திரும்புற புரி மூட்டு ஒண்டு இருக்கு, நிப்பிளால கிரீஸ் அடிச்சுக் கொண்டே இருக்க வேணும், விட்டா புரி தேஞ்சு ஒரு நாள் முன் சில்லு அப்பிடியே மடிஞ்சு விழும்.

கொழும்பில கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையிலயும் இப்பிடி ஆக்கள் இருக்கினம். எங்கட 121 க்கு சஸ்பென்ஷனில வாற ஸ்டெபிலைசர் லிங்க் எடுக்கப் போன இடத்தில ஒரு நானா பெட்டியைப் பிரிச்சு, லிங்கைக் கையில எடுத்து ஜொயின்டை ரெண்டு பக்கமும் ஆட்டி, றப்பரைப் பெருவிரலால அமத்திப் பாத்திட்டு "இது வேணாம் தம்பி, கெதியா சத்தம் வரும்" எண்டு தானே திருப்பி உள்ள வச்சிட்டார். விக்கிற மனுசனே அப்பிடிச் சொல்லுறது எவ்வளவு பெரிய விசயம். 2020 மார்ச்சில அரசாங்கம் வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்பப் பிரைவேட் காருக்குத் திறந்தவங்க, அந்த இடைக்காலம் முழுக்க எங்கட கார்கள் ஓடினது இந்தக் கடைகளாலயும் கராஜ் பாஸ்மார் எண்டு நாங்க சொல்லுற மெக்கானிக்மாராலயும்தான். டொயோட்டா அக்வா, ஹொண்டா வெசல் காருகளின்ர ஹைபிரிட் பற்றரியைக் கழட்டி, செத்த செல்லை மட்டும் பாத்து மாத்திற பாஸ்மார் இருக்கினம், அதுவும் பெரிய கைவேலை.

ராவில மரைன் டிரைவில சைலன்சரை வெட்டிக் கத்த விடுற தம்பிமாருக்கும் ஒண்டு. அந்த றோட்டு முழுக்க வீடு, வயசானவை, குழந்தையள். கார் ஆசை எனக்கு விளங்குது, அந்தக் காசுக்கு முதல் சஸ்பென்ஷன் புஷ், பிரேக், டயர் மாத்துங்கோ, கார் ஓடுற விதமே வேற.

உங்கட வீட்டிலயும் யாராவது அந்தக் காலம் மண்ணெண்ணெயில ஓடியிருந்தா எழுதுங்கோ, என்ன கார், பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் டாங்க் எப்பிடிப் பிரிச்சவை, ஒயிலுக்கு என்ன செய்தவை எண்டு விபரமா. அந்த ஆக்களுக்கு வயசு போகுது, இப்பவே கேட்டு வையுங்கோ.