பாடாங் செராய்ல ஒரு ஹார்னெட்: 1/32 கிட்டும் அதை வந்து பாத்த அங்கிளும்

வணக்கம் எல்லாருக்கும். பெரிய ஸ்கேல் ஜெட் ப்ளாஸ்டிக் மாடல் கட்டிக்கிட்டு இருக்கும்போது யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லி, அதுல வேலையே மாறிப்போன கதை இருந்தா போடுங்கன்னு கேட்டீங்கள்ல, என்கிட்ட ஒன்னு இருக்கு. நீளமாத்தான் வரும், பொறுத்துக்குங்க.

நமக்கு ஊரு மலேசியாவுல, கெடா மாநிலத்து பாடாங் செராய். பட்டர்வொர்த் விமானத் தளம் ரொம்ப தூரம் இல்ல, அதனால ஹார்னெட் போர் விமானம் போனா இங்க யாரும் அண்ணாந்து பாக்க மாட்டாங்க, நான் ஒருத்தன்தான் மோட்டரை செம்பனை ஓரமா நிறுத்திட்டு கழுத்து வலிக்கப் பாக்குற ஆளு. 1997ல நம்ம நாட்டுக்கு வந்த எட்டு எஃப்/ஏ-18டி ஹார்னெட், ரெண்டு சீட்டு, எம்45ன்னு ஆரம்பிக்கிற நம்பர், அதைத்தான் 1/32ல, அதாவது நிஜத்துல 32ல ஒரு பங்கு அளவுல, கட்டணும்னு ஆசை. நிஜ ப்ளேன் 17 மீட்டர் நீளம், 32ஆல வகுத்தா 53 சென்டிமீட்டர் கிட்ட வருது. பெட்டி வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட மொத கேள்வி "இதை எங்கடா வைக்கப் போற", ரெண்டாவது "எவ்வளவு வெள்ளி". ரெண்டுக்குமே நான் வாயத் திறக்கல.

சின்ன ஸ்கேல்லேருந்து வர்றவங்களுக்கு ஒன்னு சொல்லிடறேன், 1/32ல ஒட்டறது பெரிய வேலையே இல்ல, ஒட்டினதை மறைக்கிறதுதான் வேலை. இன்டேக்கை எடுத்துக்குங்க, காத்து உள்ள போற அந்தக் குழாய் ரெண்டு பாதியா வரும், சேத்தா உள்ளுக்குள்ள நீளமா ஒரு கோடு நிக்கும், அங்க விரலும் போகாது ஃபைலும் போகாது. 1/72ல யாரும் கண்டுக்க மாட்டாங்க, இதுல வர்றவன் எல்லாம் கைப்பேசி டார்ச் அடிச்சுப் பாப்பான். நான் செஞ்சது என்னன்னா, வெள்ளை பெயிண்டை தண்ணியா கலக்கி உள்ள ஊத்தி, நல்லா சுத்தி ஆட்டி, மிச்சத்தை வடிச்சு, காயவிட்டு மறுபடியும் ஊத்தறது. பொறுமையா செஞ்சா பெயிண்டே அந்தக் கோட்டை முழுங்கிடும்.

கனோப்பி, அதான் பைலட்டு தலைக்கு மேல மூடற கண்ணாடி, இன்னொரு தலைவலி. நிஜத்துலயே அது அடியில குறுகி மேல உப்பி இருக்கற கண்ணாடி, அந்த வளைவு சரியா வரணும்னா அச்சை ரெண்டு பக்கமா பிரிச்சுத்தான் எடுக்க முடியும், அதனால நட்ட நடுவுல ஒரு கோடு வந்துரும். பல நல்ல கிட்லயும் இருக்கற விஷயம்தான். 1500 சாண்ட்பேப்பர், 2000, அப்புறம் பற்பசை போட்டு மெதுவா தேய்ச்சு, கடைசியா அக்ரிலிக் தரை பாலிஷ்ல முக்கி எடுத்தா பளிச்சுன்னு வந்துரும்.

இங்க தோட்டத்துக்காரன் புத்தி ஒன்னு சொல்றேன். கலர் படக்கூடாத இடத்தை மூட மாஸ்கிங் பண்ற திரவம்னு குட்டி பாட்டில்ல விக்கிறாங்கள்ல, அதுல முக்கால்வாசி நம்ம ரப்பர் பாலும் அம்மோனியாவும்தான். நம்ம ஊர்ல இன்னும் பால்மரம் வெட்டுற சிறுதோட்டக்காரங்க இருக்காங்க, பால் பிடிக்கிற மங்குலயே கட்டிப் போகாம இருக்க அவங்களே அம்மோனியா விடுறாங்க. ஒரு சின்ன போத்தல் கேட்டு வாங்கிட்டு வந்தேன். சக்கரத்தோட ரிம், லேண்டிங் லைட்டு, இந்த மாதிரி டேப் வெட்ட முடியாத வளைவுல எல்லாம் குச்சியால தடவி, காஞ்சதும் கலர் அடிச்சு, நகத்தால சுரண்டி இழுத்தா அப்படியே தோலா உரிஞ்சு வரும். ஆனா ஒன்னு, தரை பாலிஷ்ல முக்கின கனோப்பி மேல இதைத் தடவிடாதீங்க, அம்மோனியா அந்த பாலிஷைக் கரைச்சிரும். ரொம்ப நாள் விட்டும் வைக்காதீங்க, அன்னிக்கே உரிச்சிருங்க.

கலர் அடிக்கிறதுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் நம்ம வடக்குப் பக்கம் சரியான மாசம், பால்மரம் இலை உதிர்க்க ஆரம்பிக்கிற நேரம், காத்து காஞ்சு கிடக்கும். மத்த மாசத்துல மழை இருட்டிக்கிட்டு வர்ற சாயங்காலம் லேக்கர் பெயிண்ட் அடிச்சா மேல வெள்ளையா பூத்துரும். தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கற ஈரம் அங்க போய் படியுது, அவ்வளவுதான் காரணம். அவசரம்னா காயறதை மெதுவாக்கற ரிடார்டர் கொஞ்சம் கலந்துக்குங்க, கம்ப்ரஸர் குழாய்ல தண்ணி பிடிக்கிற ஃபில்டர் இல்லாம இந்த ஊர்ல ஏர்பிரஷ் தொடவே தொடாதீங்க.

சரி, அங்கிள் கதைக்கு வர்றேன். எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, ஒருத்தர் இருக்காரு, ஆகாயப்படையில டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவரு, பட்டர்வொர்த்ல ஹார்னெட்லயே வேலை செஞ்சவரு. ஒட்டுக்கடையில தே தாரிக் குடிச்சுக்கிட்டு இருக்கும்போது என் கூட்டாளி ஒருத்தன் உளறிட்டான், "இவன் வீட்டுல ஒரு ப்ளேன் இருக்கு அங்கிள்"னு. அன்னிக்கு சாயங்காலமே சட்டைய இன் பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறாரு. அப்ப கலர் முடிஞ்சிருச்சு, நம்பர், சின்னம் இருக்கற டெக்கல் ஒட்டியாச்சு, இறக்கை பின்னாடி மடங்கற ஃப்ளாப் ஒட்டல, ஓடின ப்ளேன் மாதிரி காட்டற அழுக்கு வேலை இன்னும் ஆரம்பிக்கல.

நான் காக்பிட்டைக் காட்டுறேன், சீட் பெல்ட் எல்லாம் ஈயத் தகடை வெட்டி செஞ்சது, பக்கிள் கூட தனியா. அவரு அதைப் பாக்கவே இல்ல. மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு இடது பக்கம் குனிஞ்சு, "ஏணி எங்க தம்பி?"ன்னாரு. ஹார்னெட்டுக்கு ஏணி வெளியேருந்து கொண்டு வர வேணாம், இடது இறக்கை முன்னாடி நீண்டு போகுதுல்ல, அதுக்கு அடியிலேயே மடிச்சு வச்சிருப்பாங்க. "மூடி வச்சிருக்கேன் அங்கிள்"னேன். "மூடு, பரவால்ல. ஆனா எல்லாரும் இந்தப் பக்கம்தான ஏறுவாங்க? பைலட்டும் ஏறுவான், நாங்களும் ஏறுவோம், பூட்ஸோட. இதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அப்ப இதுல யாருமே ஏறலையா?"

எனக்கு பேச்சே வரல. எத்தனை யூடியூப் பாத்திருப்பேன், எல்லாரும் தகடு சேர்ற பேனல் லைன் ஃபுல்லா கறுப்பு வாஷ், அதான் தண்ணியா கலக்கின பெயிண்ட், ஊத்தி தொடைன்னுதான் சொல்றான், ஒருத்தன் கூட ஆளு எந்தப் பக்கம் ஏறுவான்னு சொல்லல.

அப்புறம் அவரு சொல்லிக்கிட்டே போறாரு, நான் பேப்பர் தேடிக்கிட்டு இருக்கேன். தினம் திறக்கிற பேனல் ஓரம்தான் கறுக்கும், வருஷத்துக்கு ஒருக்கா திறக்கிறது அப்படியே இருக்கும். பெயிண்ட் பேந்த இடத்துல தகடு அரிச்சுப் போகாம டச்சப் பண்ணுவாங்க, அது திட்டுத் திட்டா கொஞ்சம் வேற சாம்பல்ல தெரியும். மூக்கு மேல பீரங்கி வாய் இருக்குல்ல, 20 மில்லிமீட்டர், சுட்டா புகை பின்னாடி இழுத்துக்கிட்டுப் போகும், சுடலைன்னா சுத்தமா இருக்கும், "நீ சுட்டியா சுடலையா, முடிவு பண்ணிக்கோ"ன்னாரு. வயித்துப் பக்கம் ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பா கசியும், அதைத் துணியால துடைச்சா கோடு பின்னாடி போகும். நின்னுக்கிட்டு இருக்கற ப்ளேன்ல ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கிரும், அதனால ஃப்ளாப் தொங்கிக்கிட்டுதான் இருக்கும், நேரா ஒட்டிடாதன்னாரு. டயருக்கு நான் தனியா வாங்கி வச்சிருந்த ரெசின் செட்டை எடுத்துக் காட்டினேன், அடியில உப்பி இருக்கும், பாரம் தெரியட்டும்னு. சிரிச்சாரு. "இது பஞ்சரா? ஜெட்டு டயர்ல காத்து அடிச்சா கல்லு மாதிரி நிக்கும் தம்பி." அந்த செட்டை அப்பவே ஓரமா வச்சிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்துல எங்களுக்கு ஒத்துப் போகல. கலர். நம்ம ஹார்னெட் மேல கீழ எல்லாம் ஒரே இருண்ட சாம்பல். நான் வேணும்னே வெள்ளை கொஞ்சம் கலந்து வெளிறவச்சேன், ஏன்னா சின்னப் பொருள்ல அதே கலரை அடிச்சா கண்ணுக்கு ரொம்ப இருட்டாத் தெரியும், செஞ்ச வேலையெல்லாம் அதுல முழுகிப்போயிடும். அங்கிள் ஒத்துக்கவே இல்ல. "இது நம்ம ப்ளேன் கலர் இல்ல." நானும் விடல. அவரு பக்கத்துல நின்னு தொட்டுப் பாத்தவரு, நான் தூரத்துலேருந்து அண்ணாந்து பாத்தவன், என் அலமாரியில நிக்கப் போறது தூரத்து ப்ளேன்தான். இன்னிக்கும் ஒட்டுக்கடையில பாத்தா "எப்ப கலர் மாத்தற"ன்னுதான் கேப்பாரு.

இப்ப இடது பக்கம் மட்டும் பூட்ஸ் தேய்மானம் போட்டிருக்கேன், ஸ்பாஞ்சுல மண் கலர் தொட்டு ஒத்தி, நடுவுல கொஞ்சம் வெளிறல். வலது பக்கம் சுத்தம். பாக்க வர்றவங்க "இந்தப் பக்கம் இன்னும் முடிக்கலையா"ன்னு கேக்கறாங்க.

பதில் (கம்பாங், பகாங்):

அண்ணே சூப்பர். நம்ம பக்கம் குவாந்தான் தளம், எங்க அப்பா காலத்துல அங்க ஸ்கைஹாக்னு, ஏ-4 போர் விமானம். அமெரிக்கக் கடற்படையோட பழைய ப்ளேன் 88 வாங்கி, அதுல 40ஐ மட்டும் க்ரம்மன் கம்பெனி புதுப்பிச்சு ஏ-4பிடிஎம்னு கொடுத்துச்சு. நான் 1/32 ஏ-4ஈ, ஸ்கைஹாக்லயே வேற மாடல், ஒன்னு வாங்கி அதை நம்மதா மாத்திடலாம்னு ஆரம்பிச்சேன், அப்பா தோட்டத்துல லாரி ஓட்டினவரு, ப்ளேன் பத்தி ஒன்னும் தெரியாது, பாதி ஒட்டினதைப் பாத்துட்டு "நம்ம தலைக்கு மேல போனதுக்கு கன்னம் இப்படி தனியா நிக்காதேடா"ன்னாரு. போய் படத்தைப் பாத்தா அவரு சொன்னதுதான். ஈ மாடல்ல ஜே52 இன்ஜின், இன்டேக் வாய் உடம்பை விட்டுத் தள்ளி நிக்கும், நடுவுல தகடு. நம்மது பழைய சி, எல் மாடல்லேருந்து வந்தது, ஜே65 இன்ஜின், வாய் உடம்போட ஒட்டி இருக்கும். மூக்கும் வேற நீளம். இப்ப இன்டேக்கை அறுத்து எபோக்ஸி புட்டியில புதுசா பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அந்த ரப்பர் பால் சமாச்சாரம் அக்ரிலிக் பெயிண்ட் மேல நிக்குமாண்ணே?

பதில் (பாடாங் செராய்):

தம்பி, அக்ரிலிக் மேல வேணாம், அம்மோனியா அதையும் இளக்கும். லேக்கர் அடிச்சு நல்லா காஞ்சிருந்தா தைரியமா தடவுங்க, மொதல்ல ஓரமா ஒரு துண்டுல பாத்துக்குங்க. புட்டி ரொம்ப தடியா வேணாம், கனமாயிட்டா ஸ்கைஹாக்கோட நெட்ட கால் தாங்காது, உள்ள ப்ளாஸ்டிக் கார்டு வச்சு மேல மட்டும் பூசுங்க. குவாந்தான்ல நின்னப்போ பக்கவாட்டுல எடுத்த படம் அப்பாகிட்ட இருந்தா இங்க போடுங்க, அங்கிள்கிட்டயும் காட்டறேன், அவரு கூட்டாளிங்க சில பேரு அந்த ஸ்குவாட்ரன்ல இருந்தவங்க.