பழைய ஜி.ஐ. தொட்டியில் மீன் விடலாமா?

கொல்லைப்புறம்:
வணக்கம். எங்களுக்கு அவிநாசி பக்கம். போன வாரம் பழைய இரும்புக்கடையில் வட்டமான ஜி.ஐ. தொட்டி (துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டி) ஒன்று கிடைத்தது. 4 அடி அகலம், 4 அடி உயரம். எடை போட்டால் 140 கிலோ வந்தது. கிலோ 40 ரூபாய் என்று 5,600 ரூபாய்க்கு எடுத்து வந்துவிட்டேன். வெளியே ஒரு பக்கம் துரு பிடித்திருக்கிறது. உள்ளே துத்தநாகப் பூச்சு பூப்பூவாக இன்னும் தெரிகிறது. இதைக் கொல்லையில் வைத்து, கீழே முப்பது ஜிலேபி மீன், மேலே ஜல்லித் தொட்டியில் புதினா, பசலை, கொஞ்சம் தக்காளி போட ஆசை. மீன் தண்ணீர் ஜல்லிக்கு ஏறி, செடி சத்தை எடுத்துக்கொண்ட பிறகு திரும்ப மீனுக்கே இறங்கும் அக்வாபோனிக்ஸ் முறை. போர் தண்ணீர்தான். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 8க்கு மேல், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். தொட்டியைக் கழுவிவிட்டு அப்படியே தண்ணீர் பிடிக்கலாமா, உள்ளே ஏதாவது பூச வேண்டுமா?

மீன்குட்டை:
அப்படியே பிடிக்காதீர்கள். அந்தப் பூப்பூவான பூச்சுதான் பிரச்சினை. துத்தநாகம் நமக்கும் செடிக்கும் கொஞ்சம் தேவை. மீனுக்கு அது செவுள் வழியாக ஏறும், உடம்புக்கு வேண்டிய கால்சியத்தை உள்ளே வரவிடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீர் உயிர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, லிட்டருக்கு 100 மி.கி. கடினத்தன்மை உள்ள தண்ணீரில், லிட்டருக்கு 0.12 மில்லிகிராம்தான். புது ஜி.ஐ. வாளியில் மழைத்தண்ணீர் பிடித்து மீன் விட்டுப் பார்த்தவர்களுக்கு அது எப்படிச் சாகும் என்று தெரியும்.

பட்டறைக்காரர்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபது வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஊர் முழுக்க ஒரு காலத்தில் ஜி.ஐ. குழாயில் வந்த தண்ணீரைத்தானே குடித்தோம்? என் பட்டறை வாசலில் ஒரு ஜி.ஐ. டிரம் இருக்கிறது, மூன்று வருடமாக அதில் ஏழு கெண்டை ஓடுகிறது. கொல்லைப்புறம் தம்பி சொல்வது போலக் கடினத் தண்ணீர் என்றால், சுவரில் சுண்ணாம்பு படிந்து அதுவே ஒரு பூச்சாகிவிடும். பிஎச் 8ல் துத்தநாகம் சும்மா கரையாது. ஆசையாக வாங்கி வந்த பொருளைப் பயமுறுத்தித் திருப்பிக் கொடுக்க வைக்காதீர்கள்.

மீன்குட்டை:
அண்ணா, உங்கள் டிரம்மில் கெண்டை பிழைத்ததை நான் நம்புகிறேன். கடினத் தண்ணீர் காப்பாற்றும் என்று நீங்கள் சொன்னதும் சரிதான். ஆனால் உங்கள் டிரம்மில் ஏழு மீன், பொரியும் பழைய சோறும், அவ்வப்போது புதுத் தண்ணீர். தம்பி கேட்பது வேறு ஏற்பாடு. அங்கே பிஎச் 8 நிற்காது.

கணக்கைப் பாருங்கள். முப்பது மீன், ஒவ்வொன்றும் 200 கிராம் ஆகும்போது மொத்தம் 6 கிலோ. எடையில் 2 சதவீதம் தீவனம் என்றால் நாளைக்கு 120 கிராம். 30 சதவீதப் புரதம் உள்ள தீவனம் என்றால் அதிலிருந்து சுமார் 3.3 கிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். ஜல்லியில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும். அந்த வேலைக்கு ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் தண்ணீரில் அமிலத்தை முறிக்கும் காரத்தைச் சுண்ணாம்புக் கணக்கில் 7 கிராமுக்கு மேல் தின்றுவிடும். நாளைக்கு 23 கிராம். உங்கள் தொட்டியில் 1,200 லிட்டர் நிறுத்தினால், போர் தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 250 மி.கி. என்று வைத்தாலும், கையிருப்பு 300 கிராம்தான். பதின்மூன்று நாளில் தீர்ந்துவிடும். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது கொஞ்சம் காரம் திரும்பி வரும், ஆவியானதற்குப் புதுத் தண்ணீர் விடும்போதும் வரும். ஆகவே பதின்மூன்று நாள் என்பது ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இழுக்கும். அப்புறம் பிஎச் 6.5, கவனிக்காவிட்டால் 6. சுவரில் படிந்த சுண்ணாம்பு அந்தத் தண்ணீரில் கரையும், அதன் பின்னால் துத்தநாகமும் கரையும். முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போகும், மூன்றாவது மாதம் காரணம் தெரியாமல் மீன் மிதக்கும்.

பட்டறைக்காரர்:
பாக்டீரியா காரத்தைத் தின்னும் கணக்கு எனக்குப் புதிது. அதைக் கேட்ட பிறகு வெறும் ஜி.ஐ.யில் விடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டியே ஆகாது என்று இன்னும் ஆகவில்லை. உள்ளே குடிநீர்த் தொட்டிக்குப் போடும் எபாக்ஸி, அதாவது இரண்டு பாகத்தைக் கலந்து அடிக்கும் பிசின் பூச்சு, பூசிவிடலாம். சாதாரண எனாமல் பெயிண்டை மட்டும் துத்தநாகத்தின் மேல் அடிக்கவே கூடாது. அடியில் சோப்பு மாதிரி ஆகி ஒரு வருடத்தில் தோல் உரியும், இதை எத்தனையோ கேட்டில் பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, அதற்கான பிரைமர், அப்புறம் எபாக்ஸி இரண்டு கை. ஏழு நாள் காயவிட்டு, இரண்டு முறை தண்ணீர் நிரப்பிக் கொட்ட வேண்டும். கிரைண்டர் வைத்துப் பூச்சை எடுக்கிறேன், கேஸில் ஓட்டை போடுகிறேன் என்று யாரும் இறங்காதீர்கள். வெள்ளைப் புகை வரும். சாயங்காலம் குளிர்காய்ச்சல் வந்து படுக்க வேண்டியதுதான், நான் படுத்திருக்கிறேன்.

நொய்யல்கரை:
பூச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தத் தொட்டி இதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லையே? அவிநாசி பக்கம் என்றால் திருப்பூர் கூப்பிடு தூரம். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் அங்கே சாயப்பட்டறைகளை மூடினார்கள். அப்படி ஒரு பட்டறையிலிருந்து வந்த தொட்டியாகவும் இது இருக்கலாம். நான் நொய்யல் கரையில் பிறந்தவன். அந்தச் சாயக்கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாய்ந்த காடு என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவன். பருத்திக்குப் போடும் நீலப்பச்சைச் சாயத்தில் தாமிரம் இருக்கிறது. தாமிரம் மீனுக்குத் துத்தநாகத்தைவிட மோசம். வேறு சில சாயங்களில் குரோமியம். மேலே புதினா போட்டுப் பிள்ளைகளுக்குத் துவையல் அரைக்கப் போகிறீர்கள். "தண்ணித் தொட்டிதானுங்க" என்று கடைக்காரர் சொன்னால் அது போதுமா?

பட்டறைக்காரர்:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் சாயப்பட்டறையில் சாயம் ஓடும் தொட்டியெல்லாம் எவர்சில்வர். சோடா என்ற காரம் போட்ட சாயத் தண்ணீர் ஜி.ஐ.யில் நின்றால் துத்தநாகத்தை அரித்துவிடும், அமிலம் பட்டால் அரிப்பது போலவே காரம் அதிகமானாலும் அரிக்கும். உள்ளே பூ தெரிகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். சாயமோ சோடாவோ நின்றிருந்தால் அந்தப் பூ இருக்காது.

நொய்யல்கரை:
பூ இருக்கும் இடத்தில் நிற்கவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம் அண்ணா. தொட்டியின் அடி எப்படி இருக்கிறது என்று அவர் எழுதவில்லை. தம்பி, அடித்தகடும் சுவரும் சேரும் மூலையில் ஒரு ஆணியால் கீறிப் பாருங்கள். வருகிற தூளை வெள்ளைத் தாளில் தட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, சாய நிறம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்:
நான் கோவையில் மூன்று வருடமாக அக்வாபோனிக்ஸ் செய்கிறேன். நீங்கள் யாரும் இன்னும் தார்ப்பாய் பற்றிச் சொல்லவில்லை. பயோபிளாக் பண்ணைகளில் (தொட்டியில் பாக்டீரியாவோடு சேர்த்து மீன் வளர்க்கும் இடங்கள்) போடும், சதுர மீட்டருக்கு 650 கிராம் எடையுள்ள (650 ஜிஎஸ்எம்) பாயை உள்ளே விரித்தால் மீன் இருக்கும் தண்ணீர் உலோகத்தைத் தொடாது. ஆனால் நான் பட்டதைச் சொல்கிறேன். சதுரப் பாயை வட்டத் தொட்டியில் மடித்துப் போட்டேன். மடிப்புக்குள் மீன் கழிவு போய் அடைந்து, காற்றுப்படாமல் கறுத்து, முட்டை அழுகிய நாற்றம். ஒரு நாள் மடிப்பை இழுத்துவிட்டேன், அன்று ராத்திரி பதினோரு மீன் போய்விட்டது. அதற்கப்புறம் தொட்டி அளவுக்கே வட்டமாக வெட்டிச் சூடு வைத்து ஒட்டிய பாய் வாங்கினேன். இன்றுவரை தொந்தரவு இல்லை.

வெயிலையும் யோசியுங்கள். இரும்புச் சுவர் சித்திரையில் அடுப்பு மாதிரி ஆகும். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், 35 டிகிரியில் 6.9தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, தண்ணீரில் இருப்பதோ குறைகிறது. நான் தொட்டியைச் சுற்றித் தென்னங்கீற்று கட்டி, மேலே பச்சை வலை போட்ட பிறகுதான் பகலில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது நின்றது.

மீன்குட்டை:
அக்கா சொன்ன வட்டப் பாய்க்கு என் ஓட்டு. எபாக்ஸியில் ஒரு ஊசிமுனை விட்டுப்போனாலும் அங்கே அரிப்பு தொடங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014ல் சிறிய அக்வாபோனிக்ஸுக்காக வெளியிட்ட கையேடே துருவைக் காரணம் காட்டி உலோகத் தொட்டி வேண்டாம் என்கிறது. பாய் போட்டால் தொட்டி வெறும் கூடுதான். வெளியே போகும் குழாயை அடித்தகட்டில் துளைக்காமல் மேலிருந்து வளைத்து எடுங்கள். வால்வு பித்தளையில் வேண்டாம், பிவிசி போதும். கிஃப்ட் (வேகமாக வளரும்படி மேம்படுத்திய ரகம்) ஜிலேபி வாங்குவதாக இருந்தால் மீன்வளத் துறையில் முதலில் அனுமதி கேளுங்கள். ஆண் பெண் கலந்து விட்டால் ஆறே மாதத்தில் தொட்டி முழுக்கக் குஞ்சாகிவிடும்.

கொல்லைப்புறம்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மூலையைக் கீறிப் பார்த்தேன். சுவரில் பூ இருக்கிறது, ஆனால் அடித்தகட்டில் ஒரு கை அகலத்துக்குப் பூச்சே இல்லை, சொரசொரவென்று கறுப்பு. தூள் பெரும்பாலும் வெள்ளை, நடுவில் சாம்பல். தண்ணீர் விட்டதும் ஓரத்தில் லேசாகப் பச்சை தெரிந்தது. மனைவி இல்லை என்கிறார், எனக்குத் தெரிகிறது. கடைக்குப் போய் மறுபடியும் கேட்டேன். ஒரு மில் ஏலத்தில் மொத்தமாக எடுத்ததாம், என்ன மில் என்று தெரியாதாம். பாய் போட்டுவிட்டால் இது எதுவும் தண்ணீரைத் தொடாதுதானே?

நொய்யல்கரை:
மீன் தண்ணீரைத் தொடாது. ஆனால் பாய் விரிக்குமுன் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவீர்களே, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? உங்கள் தென்னைக்கும் உங்கள் போருக்கும்தான். அதைத்தான் எங்கள் ஊரில் முப்பது வருடம் செய்தார்கள். பாய் கிழிந்தால் என்ன ஆகும் என்பது அதற்கப்புறம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 5,600 ரூபாய் போனாலும் போகட்டும் என்று தொட்டியைத் திருப்பிவிடுவேன்.

பட்டறைக்காரர்:
திருப்புவதற்கு முன் ஒன்று செய்யலாம். கழுவ வேண்டாம். அடியில் அரை அடி மழைத்தண்ணீர் விட்டு ஏழு நாள் மூடி வையுங்கள். அதிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கன உலோகம் பார்க்கும் ஆய்வகத்தில் கொடுங்கள். தாமிரம், குரோமியம், ஈயம், காட்மியம், துத்தநாகம் ஐந்தும் கேளுங்கள். பழைய துத்தநாகப் பூச்சிலேயே ஈயமும் காட்மியமும் கலந்திருக்கும். நேற்று நான் சொன்ன எபாக்ஸியை அதுவரை வாங்காதீர்கள். நீங்கள் பார்த்த பச்சை நிறம் தாமிரம்தான் என்று வந்தால் நானே பட்டறைக்கு எடுத்துக்கொள்கிறேன், கல் மணல் கொட்டி வைக்க ஆகும்.

மாடித்தோட்டம்:
எடுத்தது போக மிச்சத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டாதீர்கள், கேனில் பிடித்து மூடி வையுங்கள். அந்த வாரம் சும்மா இருக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஜல்லியைக் கழுவிப் போட்டு, கொஞ்சம் தீவனம் தூவித் தண்ணீரைச் சுற்றவிடுங்கள். பாக்டீரியா பிடிக்க எப்படியும் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். எந்தத் தொட்டி என்று முடிவாகும்போது ஜல்லி தயாராக இருக்கும்.

கொல்லைப்புறம்:
மழைத்தண்ணீர் இப்போது இல்லை, பக்கத்து வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஆறு குடம் ஊற்றி மூடிவிட்டேன். மேலே சாக்கு போட்டுக் கட்டியிருக்கிறது, பிள்ளைகள் பக்கத்தில் போகாமல் இருக்கச் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை ஒரு லிட்டர் எடுத்துக் கோவைக்கு அனுப்புகிறேன். முடிவு வந்ததும் ஐந்து எண்ணையும் இங்கே அப்படியே போடுகிறேன். நொய்யல்கரை அண்ணா, நீங்கள் அப்போது கட்டாயம் வந்து பார்க்க வேண்டும்.